ஈயம் உருக்கிய சனிக்கிழமைகள்

பழைய வீடுகளின் சுவருக்குள் ஈயக் குழாய் இருக்கும் என்பது சுவிஸுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. சோலோதுர்னுக்கும் ஓல்டனுக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில், தண்ணீர்க் குழாய் பொருத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அகதி விண்ணப்பம் கொடுத்து ஐந்து மாதம். என்னோடு அறையில் இருந்த ஐந்து பேரும் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். நான் மட்டும் சுவர் உடைத்தேன்.

நூறு வருடம் பழைய வீடுகளில் ஈயக் குழாய்களைக் கழற்றிவிட்டுச் செப்புக் குழாய் போடுவதுதான் எங்கள் வேலை. காரையை உடைத்து, பழைய குழாயை வெளியே இழுத்து, குழாய் அறுக்கும் வாளால் துண்டு போட்டு, தெருவில் நிற்கும் பெரிய இரும்புத் தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. பார்த்தால் ஒன்றும் இல்லாத குழாய்தான். தோளில் வைத்தால்தான் அதன் குணம் தெரியும். முதல் நாள் நான் தூக்கிய நீளத் துண்டு இரண்டு பக்கமும் தொய்ந்து என் முழங்காலைத் தொட்டது.

என்னோடு வேலை செய்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கட்டையான மனிதர், பெரிய காதுகள். வாள் பிடிக்கும்போது மூக்கால் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். பத்து மணி இடைவேளையில் சட்டைப் பையிலிருந்து ஓர் அப்பிளை எடுத்து, கத்தியால் இரண்டாகப் பிளந்து, வேண்டுமா என்று கேட்காமலே பாதியை என்னிடம் நீட்டுவார். அவருடைய பெயர் என் வாயில் நுழையவில்லை. ஆகவே "அண்ணை" என்று கூப்பிட்டேன். அது எங்கள் மொழியில் குழாய் வேலைக்காரருக்கு உள்ள சொல் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார் போலும். இரண்டாவது கிழமை அவர் என்னையும் "அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் திருத்தவில்லை. சுவரின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டே அந்த இலையுதிர் காலத்தைத் தொடங்கினோம்.

அண்ணை ஈயத்தைத் தொட்டியில் போட விடமாட்டார். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துப் பெருவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பார். கீறல் ஆழமாக விழுந்து வெள்ளியாக மினுங்கினால் அது பழம் அடுக்கும் மரப்பெட்டிக்குள் போகும். குழாயும் குழாயும் பொருந்தும் இடத்தில் பற்றாசு வைத்து வீங்கியிருக்கும் பகுதியை மட்டும் அறுத்து எறிந்துவிடுவார். அதில் வேறு உலோகம் கலந்திருக்கும், கடினம், தனக்கு உதவாது என்பார். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டிகளை அண்ணையின் காரில் ஏற்றுவோம். காரின் பின்பக்கம் நிலத்தை முட்டுவது போலத் தாழ்ந்துவிடும்.

எனக்கு ஈயம் புதிதல்ல. நான் மன்னாரில் கடல் தொழில் செய்தவன். வலைக்குக் கட்டும் குண்டுகளை நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் தமையனும், கடற்கரையில் அடுப்பு மூட்டி வார்ப்போம். அதனால் அண்ணை நகத்தால் கீறுவதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோசம். ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன். என்னிடம் அப்போது இருந்தது இருநூறு ஜெர்மன் சொல்லும் இரண்டு கையும். நாங்கள் கதைத்ததை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"உந்த ஈயமெல்லாம் என்னத்துக்கு?"

"கூகெல்," என்றார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து இலந்தைப்பழம் அளவு ஒரு வட்டம் காட்டினார். "வீட்டிலை உருக்கி வார்க்கிறனான்."

கூகெல் என்றால் உருண்டை என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் இருப்பது தெரியாது. இந்த மனிதரும் வலைக்குக் குண்டு வார்க்கிறார், பக்கத்தில் ஓடும் ஆரே ஆற்றில் மீன் பிடிக்கிறார் என்று நினைத்தவுடன் எனக்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"நானும்! ஊரிலை நானும் கூகெல் வார்த்தனான். நானும் மச்சானும். ஆயிரக்கணக்கிலை!"

அண்ணை பெட்டியைக் கீழே வைத்தார். "நீயோ?"

"ஓம். பதினைஞ்சு வயசிலை இருந்து."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு தூரத்துக்கு?"

கடலில் எவ்வளவு தூரம் போவோம் என்று கேட்கிறார் என நினைத்தேன். "மூண்டு கிலோமீற்றர். சில நாள் அஞ்சு."

அண்ணை விசில் அடித்தார். "மூண்டு கிலோமீற்றரோ! கிடைச்சுதோ?"

"சில நாள் நிறைய. சில நாள் ஒண்டுமில்லை. காத்தைப் பொறுத்தது."

"ஓம், காத்து," என்றார், நன்றாகப் புரிந்தவர் போல. "காத்துத்தான் எல்லாம்."

திங்கட்கிழமை அவர் பிளந்த அப்பிளில் பெரிய பாதி எனக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். ஈயம் உருக்கப் போகிறாராம், நான் கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

அறையில் இருந்தவர்கள் எனக்குக் கடலை வடை சுட்டுத் தந்தார்கள். ஒருவர் தன்னுடைய நல்ல சட்டையையும் தந்தார். ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுக்கு எங்களில் ஒருவன் விருந்தாளியாகப் போவது அதுதான் முதல் தடவை. ஊருக்கு வெளியே, தோட்டமும் கோழிக்கூடும் உள்ள வீடு. கதவைத் திறந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். மூன்று கிலோமீற்றர் தூரத்துக்குச் சுடுகிறவன் ஆறடி உயரமாவது இருப்பான் என்று எதிர்பார்த்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

அண்ணை என்னைப் பின்பக்கம் உள்ள உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கூட்டிப் போனார். சீமெந்துத் தரை, சுவரோரம் தண்ணீர்த் தொட்டி, காஸ் அடுப்பில் ஓர் இரும்புச் சட்டி. சட்டியில் ஏற்கனவே ஈயம் உருகி நின்றது. அண்ணை அதில் ஒரு மெழுகுதிரித் துண்டைப் போட்டார். புகை எழுந்தது. அழுக்கு மேலே வந்தது, கரண்டியால் வழித்தார். அடியில் கண்ணாடி போல ஈயம். இவ்வளவும் எனக்குப் பழக்கமானதுதான். நாங்கள் மெழுகுதிரிக்குப் பதிலாக ஆட்டுக்கொழுப்புப் போடுவோம், அவ்வளவே வித்தியாசம்.

மேசையில் விரித்திருந்த துவாயில் புதிதாக வார்த்த உருண்டைகள் கிடந்தன. நூறு இருக்கும். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தேன். அழகான வேலை. ஆனால் ஓட்டையைக் காணவில்லை.

"ஓட்டை எங்கை?"

"என்ன ஓட்டை?"

"கயிறு போக."

அவருக்கு விளங்கவில்லை. உதட்டைப் பிதுக்கினார். பிறகு, எனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் போய் அங்கே சுவரில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்து வந்தார். நீளமான, பழங்காலத்துத் துப்பாக்கி. மரப்பிடியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். ஓர் உருண்டையை எடுத்து அதன் வாய்க்கு மேலே பிடித்து, இப்படி உள்ளே போகும் என்று காட்டினார். முகம் முழுவதும் சிரிப்பு. எனக்கு மகிழ்ச்சி தர வேண்டும் என்ற ஒரே எண்ணம்.

என் கை துவாயின் மேலே நின்றுவிட்டது. விரல்களுக்கிடையில் இருந்தது துவக்குக் குண்டு. ஊரை விட்டு, மனைவியை விட்டு, கடலை விட்டு நான் ஓடிவந்தது எதற்கு? மச்சானைச் சுட்டது எந்தப் பக்கத்திலிருந்து வந்த வெடி என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. விடிந்து சூரியன் ஏறிய நேரம். வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் இழுத்தபடியே சரிந்தார். நான் ஒருவனாகப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

"நான் போறன்," என்றேன். அந்த ஒரு வசனம்தான் வந்தது. உருண்டையைத் துவாயில் திரும்ப வைத்தேன். வடையையும் இரவல் சட்டையையும் நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். "நில், நில், இப்பத்தான் தொடங்கிறன்," என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துச் சட்டிக்குள் போட்டார்.

அதை நான் கண்டுவிட்டேன். வளைந்த குழாய்த் துண்டு, இரண்டு முனையும் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கியது. அடித்தவன் நான்தான். அந்தக் கிழமை ஒரு குளியலறையில் கழற்றியது. உள்ளே தண்ணீர் நின்றது. அண்ணையின் காரை நனைக்கக்கூடாதென்று இரண்டு பக்கத்தையும் அடித்து மூடிப் பெட்டியில் போட்டிருந்தேன். உருகிய ஈயத்துக்குள் தண்ணீர் போனால் என்ன நடக்கும் என்று கடற்கரையில் நெருப்பு மூட்டியவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"தண்ணி! தண்ணி! உள்ளுக்குத் தண்ணி!"

தமிழில் கத்தினால் அவருக்கு என்ன தெரியும்? சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தேன். என்னை விட இரண்டு மடங்கு பாரமான மனிதர். கதவடிக்கு இழுத்துக்கொண்டு வர நாலைந்து நொடி ஆகியிருக்கும். சட்டி வெடித்தது. பெரிய சத்தமில்லை, யாரோ தும்மியது போல ஒரு சத்தம். ஆனால் சட்டியில் இருந்த ஈயம் முழுவதும் கூரைக்குப் போய்விட்டு மழையாக இறங்கியது. அண்ணை நின்ற இடத்தில், அவருடைய முகம் இருந்த உயரத்தில், சுவரெல்லாம் வெள்ளித் துளிகள்.

என் இடது முன்கையில் மூன்று சொட்டு விழுந்தது. அதைக் கண்டவர் அண்ணையின் மனைவிதான். ஓடிவந்து என் கையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, எலும்பு குளிரும் வரை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் காரில் ஏற்றி ஊர் டொக்டரின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் தோலில் ஒட்டிய ஈயத்தை இடுக்கியால் எடுத்துக்கொண்டே எப்படி நடந்தது என்று கேட்டார். அண்ணை சொன்னார். அடுத்த மாதம் எனக்கு அகதி விசாரணை.

"கூகெல் எண்டு எழுதாதேங்கோ, டொக்டர்," என்றேன். "தயவு செய்து."

டொக்டர் என்னையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார். "சூடான உலோகத்தால் வந்த காயம் எண்டு எழுதிறன். அது உண்மைதானே?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து சமையலறை மேசையில் இருந்தோம். அவருடைய மனைவி கோப்பி ஊற்றினார். நான் ஒரு பென்சில் கேட்டேன். கடிதவுறையின் பின்பக்கத்தில் கடலை வரைந்தேன், படகை வரைந்தேன், வலையை வரைந்தேன். வலையின் அடியில் சுற்றிவரச் சிறிய உருண்டைகள். அம்புக்குறி போட்டு "கூகெல்" என்று எழுதினேன்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் மனைவிக்குத்தான் விளங்கியது. "மூண்டு கிலோமீற்றர்!" என்று சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அண்ணை சிவந்துபோனார். பிறகு அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். கையில் கட்டோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும், நான் ஏன் போகப் புறப்பட்டேன் என்று அண்ணை கேட்டார். அதே படகில் இன்னொரு ஆளை வரைந்தேன், சரிந்து கிடக்கும் ஆள். பக்கத்தில் "மச்சான்" என்று எழுதினேன். ஒரு சிறிய உருண்டையை வரைந்து அவருடைய நெஞ்சுக்கு ஒரு கோடு இழுத்தேன்.

அண்ணை எழும்பிப் பின்பக்கம் போனார். அலுமாரிக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் முன்னால் நின்று, "அதை உள்ளுக்கு வைச்சிட்டன்," என்றார். அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் அந்தத் துப்பாக்கியை என் கண்ணில் காட்டியதில்லை.

போகும்போது நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அண்ணை, அந்தக் குழாயை அடிச்சு மூடினது நான்தான்."

"ஏன்?"

"உங்கடை காருக்குள்ளை தண்ணி ஊத்தாமலிருக்க."

அவர் என் தலையில் கையை வைத்தார். "என்ரை கார்," என்றார். "அந்தக் காரை நீ ஒருக்கா வடிவாப் பாத்தனியோ? அதுக்குள்ளை கோழி முட்டை போடுது!"

விசாரணைக்குச் சோலோதுர்னுக்குப் போன நாளில் கையில் இன்னும் கட்டு இருந்தது. அண்ணை அரை நாள் லீவு எடுத்து, கலியாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்து அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஓர் அதிகாரி. மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதிகாரி முதலில் கேட்டது கையைப் பற்றித்தான்.

"வேலையிலை காயப்பட்டதோ எண்டு கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இல்லை. ஒராளின்ரை வீட்டிலை ஈயம் உருக்கினது."

"எதுக்கு?"

பொய் சொல்லாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அறையில் எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "குண்டு வார்க்க," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி," என்றார், குரலைத் தாழ்த்தி. "உதை அப்பிடியே சொல்லட்டோ? என்ன குண்டெண்டு வடிவாச் சொல்லும். வலைக்குண்டோ?"

அவர் எனக்கு ஒரு வழி திறந்து விடுகிறார் என்று விளங்கியது. ஓம் என்றிருக்கலாம். ஆனால் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. "இல்லை ஐயா, துவக்குக் குண்டு. அந்த ஆள் விளையாட்டுக்குப் பேப்பர்மட்டையிலை சுடுறவர். அவர் வெளியிலை இருக்கிறார், கூப்பிட்டுக் கேளுங்கோ."

அவர் பெருமூச்சு விட்டு மொழிபெயர்த்தார். அதிகாரி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அண்ணை வாசலில் வந்து நின்று, கைகளை விரித்து, சட்டியைக் காட்டி, வெடித்ததைக் காட்டி, தன் கொலரைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினார். அதிகாரி ஏதோ கேட்டார். அண்ணை பதில் சொன்னார். இருவரும் ஊர்ப் பேச்சில் வெளுத்து வாங்கினார்கள்.

"என்ன கதைக்கினம்?" என்று கேட்டேன்.

"எனக்கும் விளங்கேல்லை தம்பி. இவையின்ரை பேச்சு ஒரு விதம். ஆனா சிரிக்கினம். பயப்படாதையும்."

பிறகு கதவு சாத்தப்பட்டது. அதிகாரி சிரிப்பை விட்டு, படகில் நடந்ததைச் சொல்லச் சொன்னார். மச்சானைப் பற்றி நான் முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான். மொழிபெயர்ப்பாளர் இரண்டு இடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். முடிவு வர வருடக்கணக்கானது. வந்தது நல்ல முடிவுதான்.

அந்தக் குளிர்காலம் அண்ணை கேட்டார்: "உன்ரை கூகெலை எனக்குக் காட்ட மாட்டியோ?"

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. குழாய் எதுவானாலும் இரண்டாகப் பிளந்து, வெயிலிலோ அடுப்போரத்திலோ காயவைத்த பிறகுதான் சட்டிக்குப் போகும். அது நான் போட்ட சட்டம். நடுவில் ஓட்டை விழ வேண்டும் என்று சொன்னதும் அண்ணை இரண்டு இரும்புத் துண்டைக் குடைந்து, நடுவே ஆணி நிற்கும் அச்சு ஒன்றை ஒரே காலையில் செய்துவிட்டார். நான் ஊரில் பாவித்ததை விட அது நல்ல அச்சு. சொல்ல மனமில்லாமல் சொன்னேன். நைலோன் நூல் வாங்கி அறையில் இருந்தபடியே வீச்சுவலை பின்னினேன். இருநூறு குண்டு கட்டினேன்.

வலை முடிந்தபோது புல் பச்சையாகிவிட்டது. ஆற்றில் வீசலாமா என்று அண்ணை விசாரித்து வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. இந்த வலைக்கு இங்கே அனுமதியே இல்லையாம். அவருடைய மனைவியை நான் அதற்குள் "அண்ணி" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். "தண்ணியிலைதான் வீச வேணுமோ? எனக்குப் பாக்க ஆசையாயிருக்கு. புல்லிலை வீசு," என்றார் அண்ணி.

சப்பாத்தைக் கழற்றினேன். வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மடிப்பைத் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி வீசினேன். ஒரு வருடத்துக்கு மேல் வீசாத கை. ஆனாலும் வலை வட்டமாக விரிந்தது. விரிந்து, மெதுவாக இறங்கி, மேய்ந்துகொண்டிருந்த ஐந்து கோழியையும் சேவலையும் ஒன்றாக மூடியது. அண்ணை கைதட்டிக் கூச்சல் போட்டார். அண்ணி முழங்காலில் நின்று ஒவ்வொரு கோழியாகக் கால் சிக்கெடுத்தார். சேவலை விடுவிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. அது அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே கூட்டுக்குள் ஓடிவிடும்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அண்ணை சுடப்போகும் மைதானத்தில் இலக்குகளுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைக் கிளறி ஈயம் பொறுக்க அனுமதி கிடைத்தது. சூடு நடக்காத ஒரு நாள்தான், முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மண்ணை அள்ளி அரிதட்டில் சலித்தோம். குண்டுகள் நசிந்து காளான் போல வந்தன. ஒரு வாளி நிறைந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிலதில் கடதாசித் துணுக்கு ஒட்டியிருந்தது, சிலதில் வேர் நார். இவ்வளவு குண்டும் கடதாசியையும் மண்ணையும் தவிர வேறு எதையும் தொடவில்லை. அதை யோசித்தபடி அந்த மேட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன். அண்ணை தன் பாட்டுக்குச் சலித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய உருண்டைகளையும் அவரோடு சேர்ந்து வார்க்கத் தொடங்கினேன்.

மனைவிக்கு எழுதிய கடிதங்களில் அண்ணையைப் பற்றியும் அண்ணியைப் பற்றியும் நிறைய எழுதினேன். ஈயம் உருக்குகிறோம் என்றும் எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை. வலைக்கு என்றுதான் அவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் அவள் வந்து சேர்ந்தாள். முதல் விருந்து அண்ணை வீட்டில். அண்ணி அவளைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப் போனார். சாப்பாடு முடிந்து கை கழுவப் போனவள் பின்பக்க அறையைத் தாண்டும்போது துவாயில் கிடந்த உருண்டைகளைக் கண்டாள். ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இதுக்கு ஓட்டை இல்லை," என்றாள்.

கடலோரத்தில் வளர்ந்தவள், அச்சு வேலை தெரிந்த தமையனின் தங்கை. உள்ளதைச் சொன்னேன். உருண்டையை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். அண்ணைக்கு மொழி தெரியாது, ஆனால் விளங்கிவிட்டது. எழுந்து போய்ச் சுட்ட மட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். வட்டம் வட்டமாக அச்சிட்ட கடதாசி, நடுவே ஓட்டைகள். அவள் ஓர் ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் மொழியில் என்னிடம் சொன்னாள்:

"இவர் நல்ல மனுசன். கண்ணைப் பாக்கத் தெரியுது. உங்களைப் பாத்துக்கொண்டதும் இவைதான். ஆனா அந்தச் சட்டி அடுப்பிலை இருக்கிற நேரம் என்னை இந்த வீட்டுக்குக் கூப்பிடாதேங்கோ. எனக்கு ஏலாது."

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். அண்ணை தலையாட்டினார். அண்ணிதான் ஏற்பாட்டைச் சொன்னார்: "இவை உருக்கிற சனிக்கிழமைகளிலை நாங்கள் ரெண்டு பேரும் ஆத்தோரம் நடக்கப் போவம்."

அப்படியே நடந்தது. வருடக்கணக்காக நடந்தது. நாங்கள் அடுப்பைப் பற்றவைக்க முன் அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்கு அரைகுறை. ஆனாலும் தோட்ட வாசலில் தொடங்கும் கதை வளைவில் மறையும் வரை கேட்கும். நாங்கள் உருக்கி, வார்த்து, அடுப்பை அணைத்து, சட்டியை மூடி, துவாயை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவோம். தொட்டியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கை கழுவுவோம். அண்ணை கோப்பி போடுவார். அவர்கள் திரும்பி வரும்போது அண்ணியின் கூடையில் வால்நட் இருக்கும், இல்லையென்றால் காட்டுக் கீரை ஏதாவது. என் மனைவி வாசலில் நின்று ஒரு தரம் மோந்து பார்ப்பாள். மெழுகுப் புகை போய்விட்டதென்றால் உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

"அண்ணை, சீனி," என்பாள்.

அந்த வீட்டில் அண்ணை என்றால் இரண்டு பேர். இருவரும் ஒன்றாகச் சீனிக்குக் கையை நீட்டுவோம்.